லைன் வாடகைதான் ஒழிந்துவிட்டதே, பிறகென்ன ஃபோன் காசு?

2025 ஜனவரி 6 – கேள்வி, லண்டன் ஹரோவிலிருந்து ஒருவர்

"வீட்டு பிராட்பேண்ட் மாதம் 32 பவுண் என்று எடுத்தது. டிசம்பர் பில் 50.79 வந்திருக்கிறது. 'பாக்கேஜுக்கு வெளியே அழைப்புகள்' என்று 18.79 போட்டிருக்கிறார்கள். லைன் வாடகையை 2016இலேயே சட்டம் போட்டு நிறுத்தியாச்சு. அப்படியிருக்க லாண்ட்லைனுக்கு எப்படிக் காசு எடுக்கலாம்? நாங்கள் ஃபோன் கேட்கவே இல்லை, இணைப்போடு சும்மா வந்தது. அம்மாவைத் தவிர வீட்டில் ஒருவரும் அதைத் தொடுவதில்லை. அவவுக்கும் அன்லிமிடெட் என்று சொல்லித்தான் விற்றார்கள். இது பகல் கொள்ளை இல்லையா?"

ஜனவரி 6, இரவு

லைன் வாடகை ஒழியவில்லை. விளம்பரத்தில் அதைத் தனியாகக் காட்டுவதுதான் ஒழிந்தது.

அந்தக் காலத்து விளம்பரங்கள் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். பஸ்ஸின் பக்கவாட்டு முழுக்க "பிராட்பேண்ட் இலவசம்" என்று இருக்கும். கீழே எறும்பு எழுத்தில் "லைன் வாடகை தனி" என்று பதினேழு பதினெட்டுப் பவுண். தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் அரச அமைப்பான ஒஃப்கொமும் விளம்பரத் தர ஆணையமும் சேர்ந்து ஆட்களுக்கு அந்த விளம்பரங்களைக் காட்டி, மாதம் மொத்தம் எவ்வளவு வரும் என்று கேட்டார்கள். முதல்முறை பார்த்துச் சரியாகச் சொன்னவர்கள் 23 வீதம். அதற்குப் பிறகுதான் 2016 அக்டோபர் 31 முதல் எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாகக் காட்டச் சொன்னார்கள். காசை யாரும் தள்ளுபடி செய்யவில்லை, இரண்டு வரியை ஒரு வரியாக்கினார்கள். உங்களுடைய 32க்குள் லைனின் காசும் இருக்கிறது.

ஆனால் நீங்கள் கேட்கும் 18.79 வாடகை இல்லை, அழைப்பு. அது வேறு பெட்டி. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: "ஃபோன் கேட்கவே இல்லை" என்பதும் "அன்லிமிடெட் என்று விற்றார்கள்" என்பதும் ஒன்றாக உண்மையாக இருக்க முடியாது. ஒப்பந்த மின்னஞ்சலைத் தேடி எடுங்கள். அதில் அழைப்புத் திட்டம் என்று ஒரு வரி இருக்கும். "அன்லிமிடெட்" என்ற சொல்லுக்கு அடுத்து என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அதுதான் முக்கியம்.

ஜனவரி 7

கொம்பனிக்கு ஃபோன் எடுத்துச் சத்தம் போடுவதற்கு முதல் ஒரு வேலை. கணக்கைத் திறந்து அழைப்புப் பட்டியலை இறக்குங்கள். பில்லின் முதல் பக்கத்தில் மொத்தம் மட்டும்தான் வரும், பட்டியல் உள்ளே இருக்கும். எண்களை இங்கே முழுக்கப் போடாதீர்கள். முதல் நான்கு இலக்கம், எத்தனை நிமிடம், எவ்வளவு காசு, அவ்வளவும் போதும்.

நான் சில காலம் ஒரு ஃபோன் கொம்பனியின் பில் பகுதியில் இருந்தவன். அங்கே வரும் சண்டைகளில் பெரும்பகுதி பட்டியலைப் பார்க்காமல் வருபவை. பட்டியலை வைத்துக்கொண்டு வருகிறவரிடம் எங்களுக்குக் கொஞ்சம் பயம் இருந்தது. அவர்களுக்குத்தான் ஏதாவது திரும்பக் கிடைத்தது.

ஜனவரி 9

பட்டியல் வந்திருக்கிறது. 0871 என்று தொடங்கும் ஒரே எண்ணுக்கு எல்லாமாக 40 நிமிடம், 13.20. 0844க்கு 15 நிமிடம், 4.05. லெஸ்டரில் ஒரு வீட்டு எண்ணுக்கு 67 நிமிடம், அதற்கு 1.54. கூட்டினால் 18.79, சரியாக வருகிறது. திருட்டு இல்லை. ஆனால் வடிவாக மறைத்து வைத்த கணக்கு.

முதலில் அந்த 08. இந்த எண்களின் விலை 2015 ஜூலை 1இலிருந்து இரண்டு துண்டு. ஒரு துண்டு நீங்கள் அழைக்கும் ஆளுக்குப் போவது, சேவைக் கட்டணம். மற்றது உங்கள் ஃபோன் கொம்பனி தனக்கு எடுப்பது, அணுகல் கட்டணம். 084 என்றால் சேவைக் கட்டணம் நிமிடத்துக்கு 7 பென்ஸ் வரை, 087 என்றால் 13 பென்ஸ் வரை போகலாம். அணுகல் கட்டணத்தை ஒவ்வொரு கொம்பனியும் தானே வைத்துக்கொள்ளும். உங்கள் பட்டியலைப் பிரித்துப் பார்த்தால் 20 பென்ஸ் வருகிறது. 20உம் 13உம் 33, நாற்பது நிமிடத்துக்கு 13.20. 20உம் 7உம் 27, பதினைந்து நிமிடத்துக்கு 4.05.

கவனியுங்கள். விளம்பரத்திலும் கடிதத் தலைப்பிலும் "நிமிடத்துக்கு 7 பென்ஸ், அதோடு உங்கள் தொலைபேசிக் கொம்பனியின் அணுகல் கட்டணம்" என்று போடுவார்கள். கண் 7இல் நின்றுவிடும். பெரிய துண்டு அந்தப் பின்பாதியில் இருக்கிறது. உங்கள் பில்லில் 084க்குப் போன காசில் முக்கால்வாசி உங்கள் சொந்தக் கொம்பனிக்குத்தான் போயிருக்கிறது, அழைத்த இடத்துக்கு இல்லை.

எந்த "அன்லிமிடெட்" பாக்கேஜிலும் இந்த எண்கள் சேர்ந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஒரு சில கொம்பனிகள் 0845, 0870 இரண்டையும் சேர்ப்பதுண்டு. 0844உம் 0871உம் அநேகமாக வெளியேதான்.

ஜனவரி 9, பிந்தி

08 என்றால் இலவசம்தானே என்று ஒருவர் இடையில் கேட்டிருக்கிறார். 0800, 0808 மட்டும்தான் இலவசம். லாண்ட்லைனில் எப்போதும் அப்படித்தான், மொபைலிலிருந்து 2015 ஜூலைக்குப் பிறகுதான். 0844 வேறு வீடு. 03 என்று தொடங்குவது சாதாரண 01, 02 லாண்ட்லைன் எண்ணின் விலை, பாக்கேஜிலும் மொபைல் நிமிடங்களிலும் சேரும். ஆகவே ஒரு கொம்பனியின் 0845 எண் கையில் இருந்தால் அதே எண்ணை 0345 என்று மாற்றி அடித்துப் பாருங்கள். பல இடங்களில் வேலை செய்யும். எல்லா இடத்திலும் இல்லை.

0870இன் கதை தனிச் சிரிப்பு. 2009இல் அதைச் சாதாரண எண் விலைக்குக் கொண்டுவந்தார்கள். சனம் பழகிய பிறகு 2015இல் திரும்பவும் இரண்டு துண்டு விலைக்குள் போட்டார்கள். "0870 இப்போது லோக்கல் தானே" என்று இன்றைக்கும் சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். ஆறு வருடம் அது உண்மையாக இருந்தது, அவர்களில் என்ன பிழை.

ஜனவரி 11

0844 யாருடையது என்று ஹரோக்காரர் கண்டுபிடித்துவிட்டார். கொழும்புக்கு டிக்கெட் விசாரித்த ட்ராவல் ஏஜென்சி. பத்து நிமிடத்துக்கு மேல் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு "இந்த வாரம் விலை கூட அம்மா" என்று சொன்னார்களாம்.

"வாடிக்கையாளர் எண்ணுக்கு 084 வைக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறதே" என்கிறார். இருக்கிறது. 2014 ஜூன் 13இலிருந்து. ஆனால் ஏற்கெனவே வாங்கியதைப் பற்றி அழைக்கும் எண்ணுக்குத்தான் அது. வாங்குவதற்கு முதல் விசாரிக்கிற விற்பனை எண்ணுக்கு இல்லை. டிக்கெட்டை வாங்கியிருந்தால் அடுத்த அழைப்பு சாதாரண விலையில் போயிருக்கும். வாங்காத ஆளுக்குத்தான் காசு.

0871 யாருடையது என்று அவருக்கு இன்னும் தெரியவில்லையாம். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அந்த எண் அம்மாவின் ஃபோனில் ஸ்பீட் டயலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜனவரி 12

நினைத்தது சரி. இரண்டாம் பொத்தானில் இருக்கிறது. அதை அழுத்தி, பிறகு 00 94 21 என்று யாழ்ப்பாணத்து எண்ணை அடித்தால் பெரியம்மா வீடு.

கோலிங் கார்ட் காலத்து ஆட்களுக்கு இது விளங்கும், பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும். டூட்டிங்கிலும் ஈஸ்ட் ஹாமிலும் வெம்பிளியிலும் மரக்கறிக் கடைக் கண்ணாடி முழுக்க அந்தக் கார்ட்டுகள் தொங்கும். ஐந்து பவுண் கார்ட் வாங்கி, காசால் சுரண்டி, எண்ணை அடித்து, பின் நம்பரை அடித்து, பிறகு ஊர் எண்ணை அடித்து, ஒருவழியாக லைன் கிடைத்ததும் "உங்களிடம் நாற்பத்தேழு நிமிடங்கள் உள்ளன" என்று ஒரு பொம்பிளை இங்கிலீஷில் சொல்லுவா. அந்த நாற்பத்தேழு ஒருநாளும் நாற்பத்தேழாக இருந்ததில்லை. இணைப்புக் கட்டணம், பராமரிப்புக் கட்டணம் என்று அதிலும் கீறி எடுப்பார்கள். அதற்குப் பிறகுதான் கார்ட் இல்லாத வகை வந்தது: ஒரு 084 அல்லது 087 எண்ணை அடித்தால் போதும், காசு வீட்டு பில்லில் வரும். அப்போது அது நேரே இலங்கைக்கு அடிப்பதைவிட எவ்வளவோ மலிவு. ஒருவர் கண்டுபிடித்தால் கோயிலில் நாலு பேருக்கு எண்ணை எழுதிக் கொடுப்பார்.

2015இல் அணுகல் கட்டணம் வந்ததோடு அந்த மலிவு போய்விட்டது. எண் அதே எண், அடிக்கும் முறையும் அதே முறை. விலை மட்டும் வேறு. வைபரும் வட்ஸ்அப்பும் வந்துவிட்டதால் பலருக்கு இது தெரியவே வரவில்லை. ஹரோ அம்மாவும் டப்லெட்டில்தான் கதைத்துக்கொண்டிருந்தாவாம். டிசம்பரில் அது கீழே விழுந்து கண்ணாடி உடைந்துவிட்டது. பழைய பொத்தான் இருக்கிறதுதானே என்று அவ அழுத்தியிருக்கிறா. அவவில் எந்தப் பிழையும் இல்லை. அவ எண்ணத்தில் அது மலிவு எண், மகனுக்குக் காசு மிச்சம் பிடிக்கிறா.

தயவு செய்து இதை அவவிடம் குற்றம் மாதிரிச் சொல்லாதீர்கள். ஃபோனைத் தொடுவதையே விட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டில் நடந்தது: ஒரு முறை பில்லைக் காட்டிக் கதைத்ததற்கு அம்மா மாதக் கணக்கில் ரிசீவரை எடுக்கவில்லை. ஊரில் ஒரு சாவு நடந்ததுகூட எங்களுக்குப் பிந்தித்தான் தெரிய வந்தது.

ஜனவரி 12, மறுபடி

"அப்படியென்றால் சர்வதேச அழைப்புச் சேர்க்கை வாங்கட்டா?" – வாங்க முதல் நாட்டுப் பட்டியலைத் திறந்து இலங்கை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அங்கத்தைய லாண்ட்லைனுக்கு மட்டுமா, 77இல் தொடங்கும் மொபைலுக்குமா என்று பாருங்கள். பெரியம்மா வீட்டில் 021 இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதே அதிசயம். உடைந்த டப்லெட்டின் கண்ணாடியை மாற்றுவது எல்லாவற்றையும்விட மலிவு.

ஜனவரி 14

பொங்கல் வாழ்த்துகள்.

லெஸ்டர் 67 நிமிடத்தை விட்டுவிட்டோம். அன்லிமிடெட் என்று போட்டிருந்தாலும் ஒரு அழைப்புக்கு 60 நிமிடம் என்று உள்ளே ஒரு வரி இருக்கும். அறுபதுக்கு முதல் வைத்துவிட்டு மறுபடி அடித்தால் திரும்பப் பூஜ்யத்திலிருந்து இலவசம். வைக்காமல் தொடர்ந்தால் அறுபத்தோராம் நிமிடத்திலிருந்து காசு. ஏழு நிமிடம், 22 பென்ஸ் வீதம், 1.54. கொம்பனிகளே இதை ஒளிக்காமல் "வைத்துவிட்டு மறுபடி அழையுங்கள்" என்று எழுதி வைத்திருக்கின்றன. வாடிக்கையாளரை வைத்துவிட்டு அடிக்கச் சொல்லும் வேறு வியாபாரம் எனக்குத் தெரியாது.

எங்கள் அம்மாவுக்கு இதைச் சொல்லி, சமையலறை மணிக்கூட்டை ஐம்பத்தைந்து நிமிடத்துக்கு வைத்துக் கொடுத்தோம். மணி அடித்ததும் "இரு, வைச்சிட்டு எடுக்கிறன்" என்பா. மறுமுனையில் இருப்பவவும் அதே வகைப் பாக்கேஜ், அவவும் அதே நேரத்தில் திருப்பி எடுக்கப் பார்ப்பா, இரண்டு பக்கமும் பிஸி. அது வேறு கூத்து.

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை என்பதையும் கவனியுங்கள். பொங்கலுக்குக் காலையிலேயே எல்லா வீட்டுக்கும் ஃபோன் போகும். "மாலை, வார இறுதி" என்று பாக்கேஜ் வைத்திருப்பவர்களுக்கு இன்று பகல் முழுக்க வெளிக் கணக்கு. மாலை என்றால் பொதுவாக 7 மணி, பொழுது பட்டது கணக்கில்லை. பகலில் அழைத்தால் எடுத்ததற்கே ஒரு தொடக்கக் கட்டணம், பிறகு நிமிடக் காசு. நிமிடத்தை மேல்நோக்கி முழுமையாக்குவதும் உண்டு, இரண்டு நிமிடம் மூன்று செக்கன் என்றால் மூன்று நிமிடம்.

அந்தப் பாக்கேஜ் யாருக்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. லாண்ட்லைனைப் பாவிக்கிறவர்கள் வயதானவர்கள். அவர்கள் கதைப்பது பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு, பகலில். மாலையில் பேரப்பிள்ளைகள் வீட்டில், ரீவி ஓடுகிறது, யார் ஃபோனில் கதைக்கிறார்கள்?

ஜனவரி 15

ஒருவர் கேட்கிறார், எல்லாம் சரி, அன்லிமிடெட் வாங்கினால் மொபைலுக்கும் இலவசம்தானே என்று.

சொற்களைப் பாருங்கள். "இங்கிலாந்து லாண்ட்லைன்களுக்கு" என்று இருந்தால் 01, 02, 03 மட்டும். 07, அதாவது மொபைல், வெளியே. உங்கள் அம்மாவின் முகவரிப் புத்தகத்தை எடுத்து 01, 02இல் தொடங்கும் எண் எத்தனை மிச்சம் என்று எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் எல்லோரும் 07. பல் வைத்தியர், கோயில், லெஸ்டர் தோழி, அவ்வளவுதான் 01, 02. இந்த நாட்டில் மெல்ல மெல்லக் காணாமல் போகிற எண்களுக்கு வரம்பில்லாமல் கொடுக்கிறார்கள், எல்லோரும் வைத்திருக்கிற எண்ணுக்கு நிமிடக் கணக்கில் எடுக்கிறார்கள்.

மொபைலும் சேர்ந்த திட்டங்கள் இருக்கின்றன, விலை கூட. அதற்குக் கொடுக்கும் காசில் அன்லிமிடெட் நிமிடத்தோடு ஒரு சிம் வாங்கி, பெரிய பொத்தான் வைத்த மொபைலில் போட்டுக் கொடுக்கலாம். எழுபது தாண்டியவர்கள் பழகமாட்டார்கள் என்பது நாங்கள் சொல்வது. மேசையில் வைக்கும் ஃபோன் வடிவத்திலேயே சிம் போடுகிற கருவிகள் விற்கிறார்கள்.

ஜனவரி 15, சின்னக் குறிப்புகள்

1471 அடித்து யார் அழைத்தது என்று கேட்டபின் "3ஐ அழுத்துங்கள்" என்பதை அழுத்த வேண்டாம். எண்ணைக் கேட்டு நீங்களே அடியுங்கள். 3க்குத் தனியாக எடுப்பதுண்டு.

அழைப்பவர் எண் திரையில் தெரிவதற்கு இன்னும் மாதக் காசு கொடுக்கிறவர் இருந்தால் உடனே கேட்டு நிறுத்துங்கள். 2018 அக்டோபர் 1இலிருந்து அதற்குத் தனிக் காசு வாங்கக்கூடாது.

070 மொபைல் இல்லை. மொபைல் மாதிரித் தோற்றம். 2019 அக்டோபரில் ஒஃப்கொம், கொம்பனிகள் தங்களுக்குள் வாங்கும் மொத்த விலைக்கு வரம்பு போட்டபின் பல் கொஞ்சம் போய்விட்டது, ஆனாலும் தவறிய அழைப்பில் 070 வந்தால் திருப்பி எடுக்காதீர்கள்.

118இல் தொடங்கும் எண் விசாரிக்கும் சேவை வேண்டவே வேண்டாம். 2019இல் வரம்பு போட்ட பிறகும் ஒன்றரை நிமிடத்துக்கு 3.65 வரை போகலாம்.

101க்குப் பொலிஸை அழைத்தால் 15 பென்ஸ் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 2020 ஏப்ரலில் இருந்து இலவசம்.

ஜனவரி 17

இன்று புதிய விதி நடைமுறைக்கு வருகிறது. இன்றிலிருந்து போடும் ஒப்பந்தங்களில் "ஒவ்வொரு வருடமும் பணவீக்கமும் மேலே இத்தனை வீதமும்" என்று எழுத முடியாது. கூட்டுவதென்றால் எத்தனை பவுண் எத்தனை பென்ஸ், எப்போது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். நல்ல விதி. ஆனால் அது மாதச் சந்தாவைப் பற்றியது. பாக்கேஜுக்கு வெளியே போகிற அழைப்பின் நிமிட விலை அந்தக் கணக்கில் வராது. நாங்கள் இத்தனை நாளாகக் கதைத்துக்கொண்டிருப்பதோ அந்த விலையைப் பற்றி.

ஒஃப்கொமைத் திட்டிக்கொண்டே இருக்கக்கூடாது என்பதற்காக ஒன்று. இணையம் இல்லாமல் ஃபோன் மட்டும் வைத்திருந்த பழைய வாடிக்கையாளர்கள், அநேகமாக வயதானவர்கள், அவர்களுடைய லைன் வாடகை வருடா வருடம் ஏறிக்கொண்டிருந்தது. மொத்த விலை இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. போட்டி முழுக்க பிராட்பேண்ட் சேர்த்து வாங்குகிறவர்களுக்காகத்தான். தனி லைன்காரரை யாரும் சீண்டவில்லை. ஒஃப்கொம் தலையிட்டு, 2018 ஏப்ரல் 1இலிருந்து பிரிட்டிஷ் டெலிகொம் அவர்களுக்கு மாதம் 7 பவுண் குறைத்தது, 18.99 இருந்தது 11.99 ஆனது. விண்ணப்பிக்க வேண்டியதில்லை, தானாகவே குறைந்தது. எங்கள் அயலில் ஒரு ஐரிஷ் கிழவி அந்தக் கடிதத்தைப் பிழையென்று நினைத்து என்னிடம் கொண்டுவந்து காட்டினா. ஃபோன் கொம்பனி தானாகக் காசு குறைக்கும் என்று அவவால் நம்ப முடியவில்லை.

ஜனவரி 19

அழைப்புத் திட்டம் ஒன்றும் வேண்டாம், எல்லாவற்றையும் வெட்டுங்கள் என்றுதான் முதலில் எழுத நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவ்வளவு நேராக இல்லை.

திட்டம் இல்லாவிட்டால் ஒவ்வொரு அழைப்புக்கும் காசு. தொடக்கக் கட்டணம் 25 பென்ஸ், நிமிடம் 20 பென்ஸ் என்று வைத்துக்கொண்டால், லெஸ்டருக்குப் பத்து நிமிடம் கதைக்க 2.25. திட்டம் மாதம் 10 பவுண் என்றால், மாதத்தில் ஐந்து முறை அப்படிக் கதைத்தாலே திட்டம் வென்றுவிடும். ஹரோ அம்மா லெஸ்டர் தோழியோடு வாரத்தில் பல நாள், ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம். அவவுக்குத் திட்டம் வேண்டும். வெட்டச் சொல்லியிருந்தால் அடுத்த பில் நூறைத் தாண்டியிருக்கும்.

மறுபக்கம், ரவுட்டருக்குப் பக்கத்தில் தூசி பிடித்த ஃபோனை வைத்துக்கொண்டு, விற்றவர் சொன்னார் என்று மாதம் பத்துப் பவுண் கொடுக்கிற வீடுகள்தான் கூட. மூன்று மாதப் பட்டியலைப் பார்த்து ஒன்றும் இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். பலரும் நினைப்பதுபோல் திட்டத்தை எடுத்தால் லைன் போகாது, எண்ணும் போகாது, அழைப்பு உள்ளே வரும். வெளியே போவதற்கு மட்டும்தான் காசு.

அதற்கு முதல் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று பாருங்கள். 2020 பெப்ரவரியிலிருந்து முடிகிற நேரத்தில் அவர்களே அறிவிக்க வேண்டும், உங்களுக்கு வேறு என்ன விலை இருக்கிறது என்பதோடு. அந்த மின்னஞ்சலை விளம்பரம் என்று நினைத்து அழிக்கிறோம்.

ஜனவரி 22

ஹரோக்காரர் முறைப்பாடு கொடுக்கப் போகிறாராம், 18.79ஐத் திருப்பித் தரச் சொல்லி.

கொடுங்கள், ஆனால் எதைக் கேட்கிறோம் என்று தெரிந்து கேளுங்கள். அழைப்பு நடந்திருக்கிறது, விலை பட்டியலில் இருக்கிறது, அதனால் உரிமையாக ஒன்றும் வராது. நல்லெண்ணமாக ஏதாவது தாருங்கள், 087, உயர்கட்டண 09 எண்களைத் தடை செய்து விடுங்கள் என்று கேட்டால் கிடைக்கக்கூடும். தடைக்குக் காசு கேட்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். ஃபோனில் சொல்லாமல் எழுத்தில் கொடுத்து, திகதியை வைத்துக்கொள்ளுங்கள். குறித்த கெடுவுக்குள் (அப்போது எட்டு வாரம்) தீரவில்லை என்றால், அல்லது இதற்குமேல் பேச ஒன்றுமில்லை என்று அவர்களே கடிதம் தந்தால் அதற்கும் முதலே, சுயாதீனத் தீர்வு அமைப்புக்கு இலவசமாகப் போகலாம். கொம்பனிக்கு அதனால் செலவு என்பதால் பதினெட்டுப் பவுணுக்கு அங்கே வரைக்கும் விடமாட்டார்கள் என்பது என் எண்ணம்.

வேலை செய்த இடத்தில் எங்களுக்கு ஒரு சின்ன அதிகாரம் இருந்தது, மேலாளரைக் கேட்காமல் இத்தனை பவுண் வரை கழிக்கலாம் என்று. கத்துகிறவருக்கு அதைக் கொடுக்க மனம் வராது. "அம்மா தெரியாமல் அடித்துவிட்டா, இனி நடக்காமல் என்ன செய்யலாம்?" என்று கேட்டவருக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஜனவரி 26

செம்புக் கம்பி லைனை முழுக்க நிறுத்துகிறார்களாம், அதற்குப் பிறகு இந்தக் காசு எல்லாம் போய்விடுமா என்று குரோய்டனிலிருந்து ஒருவர்.

போகாது. 2025 டிசம்பர் என்றிருந்த கெடுவை 2027 ஜனவரி 31க்குத் தள்ளியிருக்கிறார்கள். மாறுவது கம்பி: ஃபோன் சுவர்ச் சொக்கெட்டில் இருந்து ரவுட்டரின் பின்பக்கத்துக்குப் போகும். அழைப்பு இணையத்தில் போவதால் காசு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், விலைப்பட்டியல் அப்படியேதான். 0871 அங்கேயும் 0871.

வயதானவர் வீட்டில் காசைவிட மின்சாரம் முக்கியம். கரண்ட் போனால் ரவுட்டரும் போகும், ஃபோனும் போகும். மொபைல் இல்லாதவர், சிக்னல் வராத வீடு என்றால் குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர எண் 999ஐ அழைக்க வழி செய்து தரவேண்டும் என்பது ஒஃப்கொமின் நிலை. பற்றரிப் பெட்டி கேளுங்கள். கழுத்தில் மாட்டும் அவசர பொத்தான் இருந்தால் மாற்றும் நாளுக்கு முதலே சொல்லிவிடுங்கள்.

பெப்ரவரி 2

ஹரோவில் முடிந்தது. கொம்பனி 10 பவுண் கழித்திருக்கிறது, 087 தடை போட்டாயிற்று, டப்லெட் திருத்தியாயிற்று. ஸ்பீட் டயலில் இரண்டாம் பொத்தானுக்கு இப்போது லெஸ்டர் தோழி. அம்மா கேட்டாவாம், "அப்ப இத்தனை வருஷமா அது மலிவில்லையா?" என்று. 2015 வரைக்கும் மலிவு என்று சொல்லுங்கள், உண்மையும் அதுதான்.

பெப்ரவரி 5

வேறு கொம்பனிக்கு மாறப் போகிறவர்களுக்கு: பழைய கொம்பனியை நீங்களே அழைத்து நிறுத்த வேண்டாம். 2024 செப்டம்பர் 12இலிருந்து புதியவரிடம் சொன்னால் போதும், மிச்சத்தை அவர்கள் பார்ப்பார்கள். முதலில் பழையதை நிறுத்தினால் வீட்டு ஃபோன் எண் போய்விடக்கூடும், திரும்ப எடுப்பது பெரும்பாடு. புதிய கொம்பனி ஃபோனே தருவதில்லை என்றால், பழையது உயிரோடு இருக்கும்போதே எண்ணை ஓர் இணையத் தொலைபேசிச் சேவைக்கு மாற்றுங்கள், பிறகு பிராட்பேண்டை மாற்றுங்கள்.

ஜேர்சித் தீவுக்கு அழைத்ததற்குக் காசு வந்தது என்று கேட்டவருக்கு: 01534 அங்கத்தைய லாண்ட்லைன், அது அநேகமாகப் பாக்கேஜில் சேரும். 07797 அங்கத்தைய மொபைல், சாதாரண 07 மாதிரியே தெரியும், ஆனால் மொபைல் சேர்ந்த திட்டங்களில்கூட அதை வெளியே விடுகிறார்கள். மகன் லண்டன் சிம்மோடு ஜேர்சியில் வேலை செய்கிறார் என்றால் அந்த எண்ணுக்கே எடுங்கள்.